எஸ்டோனியாவில் பூஜ்ஜியம் டிகிரி

2019 டிசம்பரில் ஒரு காலை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்த்தேன். பிளஸ் 1. இன்றைக்குக் குளிர் பரவாயில்லை என்று மகளுக்கு ஒரு ஸ்வெட்டரைக் குறைத்தேன். நானும் சாதாரண ஷூவையே மாட்டிக்கொண்டேன். வாசலைத் தாண்டி நாலாவது அடி வைத்திருப்பேன், கால் முன்னால் போய்விட்டது. விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையில் மகளைப் பிடித்திருந்தேன். நல்லவேளை, அவள் விழவில்லை.

எலும்பு முறிவுப் பிரிவில் எனக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கு என்னைப் போலவே மணிக்கட்டு, ஒருவருக்குக் கணுக்கால். கட்டுப் போட்ட செவிலியர், “பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்று இருக்கும் நாட்களில்தான் எங்களுக்கு வேலை அதிகம்” என்றார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது எல்லோரும் எங்களைப் பயமுறுத்தியது மைனஸ் 20, மைனஸ் 25 என்ற எண்களைச் சொல்லித்தான். நாங்களும் அதற்கேற்ற கனமான ஜாக்கெட், தெர்மல், கம்பளித் தொப்பி எல்லாம் வாங்கி வந்தோம். எஸ்டோனியாவின் தலைநகரான தாலினில் இத்தனை குளிர்காலம் கழிந்த பிறகு கணக்குப் பார்த்தால், மைனஸ் 20-ஐ நான் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களை ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பார்க்கிறேன். எனவே இந்த நாட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பூஜ்ஜியத்தைப் பற்றித்தான்.

ஏன் பூஜ்ஜியம் என்பது வரைபடத்தைப் பார்த்தால் புரியும். தாலின் இருப்பது 59 டிகிரி வட அட்சரேகையில். கிரீன்லாந்தின் தென்முனையும் ஏறக்குறைய அதே அட்சத்தில்தான் இருக்கிறது. ஆனால் எஸ்டோனியாவின் வடக்கே பின்லாந்து வளைகுடா, மேற்கே பால்டிக் கடல், தென்மேற்கே ரீகா வளைகுடா. கிழக்கே ரஷ்ய எல்லையில் சுமார் 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெய்ப்சி ஏரி. கடற்கரையின் நீளம் மட்டும் 3,700 கிலோமீட்டருக்கு மேல். தீவுகள் இரண்டாயிரத்தைத் தாண்டும். நாடோ சிறியது, 45,000 சதுர கிலோமீட்டர்தான். தாலினிலிருந்து தெற்கே லாத்வியா எல்லைக்கு மூன்று மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். மக்கள் தொகை பதினான்கு லட்சத்துக்கும் குறைவு.

மலை என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. தென்கிழக்கில் இருக்கும் சூர் முனமாகிதான் மிக உயரமான இடம், 318 மீட்டர். அந்தப் பெயருக்கு அர்த்தம் ‘பெரிய முட்டை மலை’. இவ்வளவு தட்டையான நிலத்தில் காற்றைத் தடுக்க ஏதும் இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து தென்மேற்குக் காற்று வீசினால் ஈரமும் மிதமான வெப்பமும் நேராக உள்ளே வந்துவிடும். அது ஓய்ந்து, கிழக்கிலிருந்து வறண்ட காற்று வந்தால் ஒரே நாளில் பத்து, பதினைந்து டிகிரி இறங்கிவிடும். இந்த இரண்டு காற்றும் மாறி மாறி வருவதுதான் எஸ்டோனியக் குளிர்காலம். திங்கள்கிழமை மழை, புதன்கிழமை மைனஸ் 8, வெள்ளிக்கிழமை மறுபடி மழை. ஒவ்வொரு முறையும் பாதரசம் பூஜ்ஜியத்தைக் கடந்துதான் போகவேண்டும், கடந்துதான் வரவேண்டும்.

கடலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கோடை முழுக்கச் சேர்த்த வெப்பத்தைக் கடல் மெதுவாகத்தான் விடும். அதனால் நவம்பர், டிசம்பரில் கரையோரமும் தீவுகளும் உள்நாட்டைவிட மிதமாக இருக்கும். நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 43.5 டிகிரி பதிவானது 1940 ஜனவரி 17 அன்று, உள்நாட்டில் இருக்கும் யோகேவாவில். இன்றைக்கும் ஒரே காலையில் தாலினில் மைனஸ் 6, உள்நாட்டில் மைனஸ் 16 என்று செய்தியில் பார்ப்பேன். அதனால் ‘எஸ்டோனியாவில் எவ்வளவு குளிர்?’ என்று யாராவது கேட்டால், ‘நீங்கள் இருக்கப்போவது கரையிலா, உள்நாட்டிலா?’ என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

சரி, பிளஸ் 1-ல் எப்படி ஐஸ் பிடித்தது? மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் என்னைக் குடைந்த கேள்வி இது. வானிலை நிலையங்கள் அளப்பது தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றின் வெப்பநிலையை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காற்று பிளஸ் 1-ல் இருக்கும்போதே நடைபாதைக் கல் மைனஸ் 2-ல் இருக்கலாம். முந்தைய நாள் மழையின் ஈரம் அதன்மேல் கண்ணாடிபோல் உறையும். இன்னொரு வகை இதைவிட மோசம். சில நாட்கள் கடுங்குளிர் அடித்துத் தரை உறைந்திருக்கும் நேரத்தில் தென்மேற்குக் காற்று மழையைக் கொண்டுவரும். விழுகிற துளி அப்படியே தரையில் ஒட்டி உறையும். இந்த வழவழப்பான ஐஸுக்கு எஸ்டோனிய மொழியில் ‘கீலஸ்யா’ என்று தனிப் பெயரே உண்டு. வானிலை எச்சரிக்கையில் அந்தச் சொல் வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் மெதுவாக நடப்பார்கள்.

நமக்கு மார்கழிக் காலையில் புல்மேல் இருப்பதும் பனி, இங்கே கூரையை மூடுவதும் பனிதான். இங்கே புல்லின் பனித்துளி ‘கஸ்தே’, வெண்மையாகப் பூக்கும் உறைபனி ‘ஹார்மடிஸ்’, வானத்திலிருந்து விழும் பனி ‘லுமி’, கட்டியாக உறைந்தது ‘யா’, மழையும் பனியும் கலந்து சொதசொதவென்று விழுவது ‘லெர்ட்ஸ்’. மொழி கற்க வகுப்புக்குப் போவதற்கு முன்பே இந்த ஐந்து சொற்களைக் கற்றுக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் வேறு காலணி, வேறு நடை.

முதலில் காலணி. கடையில் ‘குளிர்கால பூட்ஸ்’ என்று விற்பதெல்லாம் வழுக்காத பூட்ஸ் என்று நம்பவேண்டாம். சூடு வேறு, பிடிமானம் வேறு. அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லுபோல இருந்தால் குளிரில் இன்னும் இறுகி வழுக்கும். மென்மையான ரப்பராக, ஆழமான வரிகளோடு இருக்கவேண்டும். அடியில் சின்ன உலோக ஆணிகள் பதித்த பூட்ஸும் கிடைக்கும். அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால், எந்தக் காலணிக்கும் மேலே இழுத்து மாட்டிக்கொள்ளும் ஆணிப்பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையிலும் விளையாட்டுச் சாமான் கடையிலும் விற்கிறார்கள். அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை என் கைப்பையில் அது இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குள்ளும் பேருந்துக்குள்ளும் போகும்போது அதைக் கழற்றிவிடவேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அந்த ஆணியே வழுக்கிவிடும்.

அப்புறம் நடை. கீழ்வீட்டில் இருக்கும் மூதாட்டி ஹீயுமா தீவில் பிறந்து வளர்ந்தவர். கட்டுப் பிரித்த பிறகு எனக்கு வாசலில் வைத்து நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள், அடி சின்னதாக வை, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படட்டும், குதிகாலை முதலில் ஊன்றாதே, கையைப் பாக்கெட்டில் வைக்காதே. வாத்து நடப்பதுபோல இருக்கும். எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. விழுவது உறுதி என்று தெரிந்துவிட்டால் கையை ஊன்றாமல் பக்கவாட்டில், இடுப்பும் தோளும் படும்படி விழப் பாருங்கள் என்று உடற்பயிற்சி சிகிச்சையாளரும் சொன்னார். அந்த அரை நொடியில் கை தானாகத்தான் நீளும். இருந்தாலும் கேட்டு வைத்தது ஒருமுறை உதவியது.

நடைபாதையில் உப்பும் பொடிக் கருங்கல்லும் தூவுவார்கள். கல் தூவிய பகுதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகத் தெரியும், அதன்மேலேயே நடக்கவேண்டும். உப்பு தோல் ஷூவில் வெள்ளைக் கோடு போட்டுத் தோலை வெடிக்க வைக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்துவிட்டால் போய்விடும்.

தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தலைக்கு மேலே இருப்பது தெரியாது. அதுவும் பூஜ்ஜியத்தின் வேலைதான். கூரையில் பனி கிடக்கும்போது வெப்பநிலை பிளஸுக்கு ஏறினால் பனி உருகி விளிம்புக்கு வரும். இரவில் மறுபடி உறையும். இப்படி நாலைந்து நாள் நடந்தால் ஆள் உயரத்துக்கு ஐஸ் ஈட்டிகள் தொங்கும். தாலின் பழைய நகரத்தின் சந்துகளில் கல் கட்டடங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும், ஒதுங்க இடமே இருக்காது. 1997 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடம் என்பதால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மேலே கோபுரங்களைத்தான் பார்ப்பார்கள். கூரை விளிம்பைப் பாருங்கள். நடைபாதையில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். மேலே இருந்து ஆட்கள் ஐஸைத் தட்டி விழவைத்துக்கொண்டிருப்பார்கள். சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் கேட்டால் சுவரை ஒட்டி நடக்காமல் தள்ளி நடப்பது பாதுகாப்பு.

குழந்தையோடு வருகிறவர்களுக்கு உடைதான் பெரிய கவலை. இதிலும் நாங்கள் தலைகீழாகத்தான் யோசித்தோம். மைனஸ் 10-ல் பனி பொடியாக, வறண்டு இருக்கும். தட்டினால் உதிர்ந்துவிடும். குழந்தை இரண்டு மணி நேரம் புரண்டாலும் உள்ளே நனையாது. பூஜ்ஜியத்தில் அதே பனி ஈரத்துணி மாதிரி. கால் மணி நேரத்தில் கையுறை நனைந்து, விரல் சிவந்து, அழுகை தொடங்கிவிடும். நனைந்த உடம்பில் பிளஸ் 1 என்பது, உலர்ந்த உடம்பில் மைனஸ் 10-ஐவிடக் கொடுமை.

இங்கே மழலையர் பள்ளியில் கடுங்குளிர் நாட்கள் தவிர மற்ற எல்லா நாளும் குழந்தைகளை வெளியே விளையாட விடுவார்கள். மழையும் தூறலும் ஒரு பொருட்டே இல்லை. முதல் மாதம் என் மகள் தினமும் ஈரக் கையுறையோடு வந்தாள். பிறகு ஆசிரியையே உட்காரவைத்து விளக்கினார். பூஜ்ஜியத்தைச் சுற்றிய நாட்களுக்கு: உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத ரப்பர் கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும். பூட்ஸுக்குள் கம்பளிக் காலுறை. தண்ணீர் புகாத கையுறை ஒன்று, மாற்றுக்கு இன்னும் இரண்டு ஜோடி. மைனஸ் 5-க்குக் கீழே போனால் உடம்பு முழுவதும் மூடும் ஒற்றை உடை, ‘கோம்பே’ என்பார்கள். பருத்தியை உடம்பை ஒட்டிப் போடவேண்டாம். நனைந்த பருத்தி காயாது, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். பள்ளியில் ஈர உடைகளைக் காயவைக்க ஒரு சூடான அலமாரி வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் இந்த நாட்டில் குழந்தை வளர்க்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பூட்ஸ் ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும். விரலைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் சூடு நிற்கும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு காலுறை போட்டால் குளிர் கூடத்தான் செய்யும்.

வீட்டுக்குள்ளும் ஈரத்தைக் கவனிக்கவேண்டும். நாங்கள் இருப்பது கலமாயா பகுதியில். அந்தப் பெயருக்கு ‘மீன் வீடு’ என்று பொருள், ஒரு காலத்தில் மீனவர்கள் வாழ்ந்த இடம். நடுவில் கல் படிக்கட்டு, இரண்டு பக்கமும் மரச்சுவர் கொண்ட பழைய வீடுகள் இங்கே நிறைய. ரசம், சாம்பார் கொதிக்கிற ஆவி, உள்ளேயே காயப்போடும் துணி, எல்லாம் சேர்ந்து ஜன்னல் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஜன்னலை நாள் முழுவதும் கொஞ்சமாகத் திறந்து வைப்பதால் பயனில்லை, சுவர்தான் குளிரும். காலையும் மாலையும் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடிவிடவேண்டும். ஈரக் காற்று போய்விடும், சுவரில் சூடு மிச்சமிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டிசம்பர் கடைசியில் தாலினில் பகல் ஆறு மணி நேரம்தான். நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 7 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் பகல் பதினெட்டரை மணி நேரத்தைத் தாண்டும், இரவு முழுதாக இருட்டவே செய்யாது. இந்தக் கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு வாழ்ந்துதான் தெரிந்தது என்னவென்றால், இருட்டும் பூஜ்ஜியத்தைப் பொறுத்தது. பனி மூடிய தரை தெருவிளக்கின் ஒளியை, நிலவின் ஒளியைத் திருப்பி அனுப்பும். மைனஸ் 5-ல் மாலை ஐந்து மணிக்குக்கூட ஊர் வெளிச்சமாக இருக்கும். பிளஸ் 2-ல் மழை பெய்து பனி கரைந்துவிட்டால் கறுத்த தார், கறுத்த மரம், எல்லாமே ஒளியை விழுங்கிவிடும். எங்கள் முதல் குளிர்காலம் மிகவும் மிதமானது, தாலினில் பனி சரியாக நிலைக்கவே இல்லை. குளிர் குறைவு என்று ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான்தான் மதியம் மூன்றரைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு காரணம் புரியாமல் அழுதுகொண்டிருந்தேன். அடுத்த குளிர்காலம் நல்ல பனி கொட்டியது, மைனஸ் 18 வரை போனது. மனசு அந்த வருடம் எவ்வளவோ நன்றாக இருந்தது.

இதற்கு நான் செய்வது: மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்து அவர் சொன்ன அளவில் வைட்டமின் டி, மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்த வானிலையிலும் அரை மணி நேரம் வெளியே நடை. அலுவலகத்தில் பேசி மதிய உணவு இடைவேளையை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன். இருட்டியபின் நடப்பதில் பலனில்லை. இரண்டு வாரம் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அவர்களுக்கு இது பழக்கமான விஷயம், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

இருட்டில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பும் சின்னப் பட்டையோ வில்லையோ அணியவேண்டும் என்பது இங்கே சட்டம். ‘ஹெல்குர்’ என்று பெயர். கோட்டின் ஓரத்தில் ஒரு நூலில் தொங்கும். சாலை இருக்கும் பக்கமாக, முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டால்தான் கார் விளக்கு அதன்மேல் படும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று நிரந்தரமாகக் கட்டியிருக்கிறேன். கார் ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 1 வரை குளிர்கால டயர் கட்டாயம். அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் அக்டோபர் கடைசியிலேயே மாற்றிவிடுவது நல்லது. பாலங்களில் தரைக்கு முன்பே ஐஸ் பிடித்துவிடும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. இங்கே வானிலை அறிக்கையில் காற்று வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். ‘10’ என்று பார்த்து லேசான காற்று என்று நினைத்தால் தவறு, அது மணிக்கு 36 கிலோமீட்டர். அந்தக் காற்றில் பூஜ்ஜியம் டிகிரி உடம்புக்கு மைனஸ் 7 போலவும், மைனஸ் 5 ஏறக்குறைய மைனஸ் 14 போலவும் தெரியும். அதனால் கனமான உள்ளாடையைவிடக் காற்று புகாத மேலுடை முக்கியம். குடை வாங்கவேண்டாம், கடற்கரைக் காற்றில் ஒரு வாரம்கூடத் தாங்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும்.

நான் வளர்ந்தது தரங்கம்பாடிக்கு அருகே. டேனியர்கள் கோட்டை கட்டிய அந்த ஊரிலிருந்து வந்து, 1219-ல் டேனிய மன்னர் கைப்பற்றிய நகரத்தில் குடியிருக்கிறேன் என்பது இங்கே வந்தபின்தான் தெரிந்தது. ‘தாலின்’ என்பதற்கே ‘டேனியர் நகரம்’ என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்கிறார்கள். கடலோரத்துப் பெண் என்பதால் வந்த முதல் வாரமே பிரிதா கடற்கரைக்குப் போனேன். கையில் அள்ளி நாக்கில் வைத்தால் உப்பே இல்லை. அலையும் இல்லை. நம் கடலில் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். தாலின் கரையில் ஐந்து ஆறு கிராம்தான். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் அதிகம், பெருங்கடலோடு தொடர்பு டென்மார்க் பக்கத்துக் குறுகிய நீரிணைகள் வழியாக மட்டும்.

உப்பு குறைவு என்பதால் இந்தக் கடல் சீக்கிரம் உறையும். பெருங்கடல் நீர் உறைய மைனஸ் 1.9 வரை இறங்கவேண்டும். இங்கே மைனஸ் 0.3 போதும். அங்கேயும் பூஜ்ஜியம்தான். பார்னு விரிகுடா போன்ற ஆழமில்லாத இடங்கள் பெரும்பாலான குளிர்காலங்களில் உறைந்துவிடும். தாலின் கரையில் மிதமான வருடங்களில் ஓரத்தில் மட்டும் ஐஸ் சேரும்.

கீழ்வீட்டு மூதாட்டி தன் தீவுக்குக் கடல்மேல் காரில் போன கதைகளைச் சொல்வார். நல்ல குளிர்காலங்களில் அரசே கடல் ஐஸ்மேல் சாலை குறித்துத் திறக்கும். ரோஹுகுலா துறைமுகத்திலிருந்து ஹீயுமா தீவுக்குப் போகும் ஐஸ் சாலை சுமார் 25 கிலோமீட்டர். விதிகள் நிலத்துச் சாலைக்கு நேர்மாறு. சீட் பெல்ட் போடக்கூடாது, ஐஸ் உடைந்தால் உடனே குதிக்கவேண்டும். முன்னால் போகும் காருக்கு 250 மீட்டர் இடைவெளி விடவேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே போகலாம், அல்லது 40-க்கு மேலே 70 வரை போகலாம், இடைப்பட்ட வேகம் கூடாது. அந்த வேகத்தில் ஐஸுக்கு அடியில் எழும் நீரலை காரோடு சேர்ந்து வளர்ந்து ஐஸை உடைத்துவிடும். நான் இருந்த குளிர்காலங்களில் எனக்கு அந்தப் பயணம் அமையவில்லை. அவர் குரலில் ஒவ்வொரு முறையும் ஒரு ஏக்கம் தெரியும். “இப்போதெல்லாம் குளிர்காலம் தன் பேச்சைக் காப்பாற்றுவதில்லை” என்பார்.

உறைந்த கடலில் நடக்க ஆசை வரும், எனக்கும் வந்தது. ஒரு ஆள் நிற்கக் குறைந்தது பத்து சென்டிமீட்டர் தெளிந்த ஐஸ் வேண்டும். பனி மூடிய ஐஸை நம்பக்கூடாது. பனி போர்வை மாதிரி, அடியில் ஐஸை வளரவிடாது. ஆற்று முகத்துவாரம், நாணல் ஓரம், படகுத்துறைத் தூண்களைச் சுற்றி ஐஸ் மெலிந்திருக்கும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரட்டை ஐஸ் ஊசி விற்கிறார்கள், விழுந்தால் அதைக் குத்திப் பிடித்து வெளியே இழுத்துக்கொள்ள. வந்த திசைக்கே திரும்பி ஏறவேண்டும், ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகவேண்டும். அவசர உதவிக்கு 112. தடை அறிவித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிளஸ் வெப்பநிலை இரண்டு மூன்று நாள் நீடித்தபின் மறுபடி உறைந்த ஐஸ், பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே பலவீனமானது.

இந்தக் கடலில் ஓதம், அதாவது தினமும் நீர் ஏறி இறங்குவது, ஏறக்குறைய இல்லை. நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது காற்றுதான். 2005 ஜனவரிப் புயலில் பார்னுவில் கடல் வழக்கமான மட்டத்தைவிட 2.75 மீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. எதிர்த்திசைக் காற்றில் தண்ணீர் வற்றி, ஹீயுமா படகுப் போக்குவரத்து தடைபடுவதும் உண்டு. தீவுக்குப் போகிறவர்கள் மழையைவிடக் காற்றின் திசையைப் பார்த்துக் கிளம்புங்கள். திரும்பும் நாளை ஒருநாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசியில் பகல் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே நிற்கத் தொடங்கும். அந்த நேரத்தில் நாட்டின் தென்மேற்கில் இருக்கும் சோமாவுக்குப் போய்ப் பாருங்கள். ‘சதுப்பு நிலம்’ என்றே அந்தப் பெயருக்குப் பொருள். 1993 முதல் தேசியப் பூங்கா. மேட்டு நிலத்துப் பனி உருகி வரும் தண்ணீருக்கு அந்தத் தட்டை நிலத்தில் வடிய வழியில்லை. காடு, புல்வெளி, சாலை எல்லாம் நாட்கணக்கில் நீருக்குள் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை ஐந்தாவது பருவம் என்கிறார்கள். ஒற்றை ஆஸ்பென் மரத்தைக் குடைந்து செய்யும் ‘ஹாப்யஸ்’ ஓடத்தில் போய்வருவார்கள். அந்த ஓடம் செய்யும் கலை 2021-ல் உடனடிப் பாதுகாப்பு வேண்டிய மரபாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் போன அன்று வெயில் அடித்தது, மரங்களுக்கு நடுவே படகு போனது. பிளஸ் 4 டிகிரி. விழுந்தால் சில நிமிடங்களில் கை இயங்காது என்று சொல்லி, வழிகாட்டி எல்லோருக்கும் மிதவைச் சட்டையை இறுக்கிவிட்டார்.

தாலினுக்குப் பக்கத்தில் லஹேமா தேசியப் பூங்காவில் இருக்கும் வீரு சதுப்பு நிலத்துக்குப் பேருந்திலேயே போகலாம். மக்கிய செடிகள் சேர்ந்து உருவான அந்தக் கரி நிலம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், காலடியில் இருப்பது ஆயிரக்கணக்கான வருடங்கள். அதன்மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காலையில் அந்தப் பலகையில் உறைபனி படிந்திருந்தால் நடைபாதை ஐஸைவிட வழுக்கும். என் ஆணிப்பட்டை இங்கே நிறைய உதவியிருக்கிறது. ஏப்ரலிலிருந்து புல்லில் உண்ணிகள் வந்துவிடும். மூளையைத் தாக்கும் காய்ச்சலை அவை பரப்பும், இங்கே அது அரிதான நோய் இல்லை. தடுப்பூசி தவணைகளாகப் போடவேண்டும் என்பதால் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். காட்டிலிருந்து வந்ததும் குழந்தையின் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள்.

மே மாதத்தில் கடல் தன் கணக்கைத் திருப்பிப் போடும். இலையுதிர்காலத்தில் கரையைச் சூடாக வைத்த அதே கடல் இப்போது குளிர்வித்துக்கொண்டிருக்கும். 185 கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் இருக்கும் தார்த்து நகரத்தில் 22 டிகிரியில் அரைக்கை சட்டையோடு இருந்துவிட்டு மாலையில் ரயிலில் தாலின் இறங்கினால், வடக்குக் காற்றும் கடல் மூடுபனியும் சேர்ந்து 9 டிகிரி. மே முழுவதும் கைப்பையில் ஒரு தொப்பி இருக்கட்டும்.

ஏப்ரலில் ஒருநாள் காலையில் துப்புரவு வண்டிகள் வந்து குளிர்காலம் முழுக்கத் தூவிய பொடிக்கல்லைக் கூட்டி எடுக்கும். தெருவெல்லாம் தூசி பறக்கும். என் மகள் அந்தச் சத்தம் கேட்டதும் ஆணிப்பட்டையைப் பெட்டியில் போட்டுவிடலாமா என்று கேட்பாள். கீழ்வீட்டு மூதாட்டி ஜன்னலிலிருந்து, மே பத்து வரை வைத்திருங்கள் என்பார். நான் அவர் சொல்வதைத்தான் கேட்கிறேன்.